டொலுவின் ஆவிக்கு எது: கரியா, உலோக ஆக்சைடா?

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ, தோல் யூனிட் நடத்துபவர்கள் தடுமாறும் இடம் இது. டொலுவின் என்பது பசையிலும் பூச்சிலும் இருக்கும் கரைப்பான். பசையிலும் ஸ்பிரே பூத்திலும் கிளம்பும் அதன் ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பனா (நுண்துளைகள் நிறைந்த கரி), உலோக ஆக்சைடு வினையூக்கியா?

வேலை: கார்பன் ஆவியைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வினையூக்கி அதை அழித்தே விடும். மாங்கனீசு, தாமிர ஆக்சைடுகள் தங்களிடமுள்ள ஆக்சிஜனை டொலுவினுக்குக் கொடுத்துவிட்டு, காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்.

சூடு: கார்பனுக்கு வேண்டாம், கத்திரி வெயிலில் அதன் பிடிப்பு குறையவே செய்யும். வினையூக்கிக்குச் சுமார் 200 முதல் 350 டிகிரி செல்சியஸ் வேண்டும். வினையூக்கி இல்லாமல் எரிக்க 700-ஐத் தாண்ட வேண்டும். எரிபொருள் மிச்சம் இங்கேதான்.

செலவு: கார்பன் முதலில் மலிவு, அப்புறம் மாற்றிக்கொண்டே இருக்கணும். நிரம்பிய கரியைக் குப்பையில் கொட்டக் கூடாது. ஆக்சைடுக்கு ஆரம்பச் செலவு அதிகம், ஆனால் பிளாட்டின வினையூக்கியைவிட எவ்வளவோ குறைவு.

ஆயுள்: கந்தகம் வினையூக்கிக்கு விஷம். சுண்ணாம்புக் குழியின் அழுகிய முட்டை நாற்றத்தை, அதாவது ஹைட்ரஜன் சல்பைடை, அதற்குள் விடவே கூடாது. ஸ்பிரே தூசியைத் தடுக்க வினையூக்கிக்கு முன்னால் ஃபில்டர் கட்டாயம்.

சில மணி நேரமே ஓடும் சின்ன பட்டறைக்குக் கார்பன் போதும். நாள் முழுக்க ஓடும் ஃபினிஷிங் யூனிட்டுக்கு ஆக்சைடுதான் சரி. எதைப் போட்டாலும் உறிஞ்சு குழாயைப் பசை தடவும் மேசைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; அங்கே வேலை செய்யும் பெண்கள்தான் அந்த ஆவியை முதலில் சுவாசிக்கிறார்கள்.