மூன்றே நிமிடம்: 3எம்டியா, ஃபேம்லேபா?

3எம்டி (Three Minute Thesis), ஃபேம்லேப் (FameLab) இரண்டும் ஆய்வையோ அறிவியலையோ எல்லோருக்கும் புரியும்படி மேடையில் பேசும் போட்டிகள். இரண்டிலும் நேரம் 3 நிமிடம்தான். ஆனால் தயாரிப்பு முற்றிலும் வேறு.

யாருக்கு: 3எம்டி, 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கியது, முனைவர் பட்ட ஆய்வாளருக்கு, எந்தத் துறையானாலும் சரி. ஃபேம்லேப், 2005இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் அறிவியல் விழாவில் பிறந்தது. அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்தவர்களுக்கு.

கையில்: 3எம்டியில் அசையாத ஒரே ஸ்லைடு, பொருள் எதுவும் கூடாது. ஃபேம்லேபில் ஸ்லைடே கிடையாது. மேடைக்குத் தூக்கி வர முடிகிற பொருள் போதும்.

சறுக்கும் இடம்: 3எம்டியில் நேரம் தாண்டினால் தகுதியிழப்பு. பேச்சோ அசைவோ, எது முதலில் வந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் 380 சொற்களுக்கு மேல் எழுதினால் கடைசிப் பத்து வினாடி மூச்சிரைக்கும். இன்னொரு வழக்கமான தப்பு, ஆய்வேட்டிலிருந்த வரைபடத்தை அப்படியே ஸ்லைடில் ஒட்டுவது. அச்சுகளை விளக்கவே அரை நிமிடம் போய்விடும். ஒரு புகைப்படம் போதும். ஃபேம்லேபில் பொருள்தான் காலை வாரும். பலூன் ஊத 15 வினாடி ஆகும். ஊதியே கொண்டு போங்கள்.

வரலாறு, மொழியியல் ஆய்வாளர்களுக்கு 3எம்டிதான் வழி. கையில் காட்ட ஒரு பொருள் இருக்கிற இயற்பியல்காரர் ஃபேம்லேப் போகலாம். மேடை நடுக்கம் உள்ளவருக்கு? 3எம்டி. பின்னால் ஸ்லைடு இருப்பதே பாதித் தெம்பு.