ஜெட் போட்டில் கூலன்ட் குறைகிறதா? ‘ஹெட் கேஸ்கட்’ என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

ஈசிஆர் பக்கம் ஜெட் போட், ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எங்களை ஏமாற்றிய ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார்.

நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய பழைய சீ-டூ (Sea-Doo) ஜெட் போட் முட்டுக்காட்டில் நிற்கிறது. இரண்டு ரோடாக்ஸ் இன்ஜின். யமஹா ஜெட் போட் வெளித் தண்ணீரையே இழுத்து இன்ஜினைக் குளிரவைத்துக்கொள்ளும், கூலன்ட் என்ற பேச்சே கிடையாது. எங்களுடையதில் காரைப் போலக் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம் உண்டு. ரேடியேட்டருக்குப் பதிலாக, போட்டின் அடியில் தண்ணீர் படும் இடத்தில் ரைடு பிளேட் என்ற அலுமினியத் தகடு இருக்கும். கூலன்ட் அதற்குள் போய்ச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும். இன்ஜினுக்கு ஒரு தகடு, ஒரு கூலன்ட் டேங்க்.

இடது டேங்கில் மட்டும் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. ஒரு ரவுண்டு போய் வருவதற்குள் இறங்கிவிடும். வலதில் துளி குறையவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிடும், ரெண்டையும் பண்ணிடலாம்.” ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் மெல்லிய ஷீட், சிலிண்டருக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கும். ஆயிலைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. 1,42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெள்ளைத் தாளில் ‘இன்ஜின் வேலை – 2’ என்று எழுதிக் கொடுத்தார். அதுதான் பில்லாம்.

போட் திரும்பி வந்த முதல் ஞாயிறே இடது டேங்க் காலி. போன் செய்தால், “புது கேஸ்கட் சார், ஓட ஓடச் சரியாகும்” என்கிறார். கேஸ்கட் என்ன புதுச் செருப்பா, போடப் போடச் சரியாக?

கழற்றிய பழையதைக் கொடுங்கள் என்று மச்சான் பிடிவாதம் பிடித்ததும் ஒன்றை அனுப்பிவைத்தார். கையில் வாங்கிப் பார்த்தால் வரிசையாக நான்கு பெரிய ஓட்டைகள். எங்கள் இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர்! புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் எந்தக் காரிலிருந்து எடுத்ததோ. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் முதலில் மேலே உள்ள வால்வ் கவரைக் கழற்றியாக வேண்டும். அந்த போல்ட்டுகளில் பூத்திருந்த உப்பு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

அப்புறம்தான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஓர் அண்ணனைக் கூட்டிவந்தோம். முதலில் டிப்ஸ்டிக். ஆயில் சுத்தம், பால் போல வெளுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு டேங்கைப் பார்த்தார், குமிழி இல்லை. கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது தெரியுமாம். இரண்டு டேங்க் மூடிகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இடதுதான் இறங்கியது, ஆக மூடி மேல் குற்றமில்லை. இரட்டை இன்ஜினில் இந்த ஒரு வசதி உண்டு, நல்லதை வைத்தே கெட்டதைச் சோதிக்கலாம். ஹோஸ், வாட்டர் பம்ப் பக்கம் ஈரமே இல்லை. “போட்டுக்குள்ள சொட்டு இல்லையேப்பா, அப்ப வெளியதான் போகுது” என்றார்.

டிரெய்லரில் ஏற்றி, டேங்க் வாயில் கைப் பம்ப்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். முள் மெதுவாக இறங்கியது. டார்ச்சோடு அடியில் படுத்தவர் இடது தகட்டின் பின் மூலையைக் காட்டினார். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அதைச் சுரண்டியதும் ஊசி முனை அளவு ஓட்டை, பச்சையாகக் கூலன்ட் சொட்டியது. முகத்துவாரத்து மணல் திட்டில் உரசிப் பெயின்ட் போன இடத்தில் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்திருக்கிறது. போட் மிதக்கும்போது ஒழுகுவது தண்ணீரோடு போய்விடும், யார் கண்ணிலும் படாது.

சீ-டூ ஸ்போர்ட் போட் தயாரிப்பை 2012-லேயே கைவிட்டுவிட்டார்கள். புதுத் தகட்டைத் தேடாமல் அம்பத்தூரில் ஆர்கான் வெல்டிங் செய்தோம். எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது. அதைவிடப் பெரிய வேலை, ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டை அடைக்க ஊற்றியிருந்த பொடியைக் கழுவி எடுத்தது. டேங்க் அடியில் பழுப்புச் சேறு! கூலன்டோடு போர் தண்ணீரையும் கலந்திருக்கிறார். உப்புள்ள தண்ணீர் அலுமினியத்தை உள்ளிருந்தும் தின்னும். டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும்.

யாராவது ஹெட் கேஸ்கட் என்றால், டிப்ஸ்டிக்கையும் அழுத்தச் சோதனையையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் போட்டை விடாதீர்கள்.

சொந்த உபயோகத்துக்கான போட் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்கிறார் வக்கீல். ஜிபே ரசீது, வெள்ளைத் தாள், நான்கு ஓட்டை கேஸ்கட் மூன்றையும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். நோட்டீஸ் போய்விட்டது.