சுக்கான் மண்ணில் பந்தல் அவரை: குழிக்குள் போட்டதில் எது பலன், எது தண்டச்செலவு

பந்தல் அவரைக்கு மண் எப்படித் தயார் செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு கலவை சொல்வார்கள். செம்மண் இத்தனை பங்கு, தேங்காய் நார்க்கழிவு இத்தனை பங்கு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, மேலே கொஞ்சம் சாம்பல். எங்கள் வீடு கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூர் பக்கம். மேலே முக்கால் அடிக்குச் செம்மண் மாதிரி தெரியும், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். இந்த மண்ணில் பல வருஷமாக ஆடிப்பட்டத்துக்கு அவரை போட்டு, மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. கடையில் வாங்குகிற எதையும்விடக் குழியின் ஆழமும், அதை எந்த மாதம் தோண்டினோம் என்பதும்தான் காயைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. நாட்டு அவரையை ஆடியில் விதைத்தாலும் பகல்பொழுது குறைந்தால்தான் பூக்கும், அதற்குள் ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும், காய் பறிப்பது மார்கழி, தை. விதைக்கும் பூவுக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. கீழே சுக்கான் இறுகிக் கிடக்கிற இடத்தில் ஒரு அடிக்குக் குழி வெட்டி உள்ளே நல்ல நல்ல எருவாகப் போட்டு நிரப்பினால், நாம் செய்து வைத்திருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றுவட்டத்து மழைத்தண்ணீர் எல்லாம் அந்தப் பொலபொல மண்ணைத் தேடி வந்து சேரும், வெளியே போக வழி கிடையாது, வேருக்குக் காற்றுக் கிடைக்காது, அடித்தண்டு கறுத்துப்போய் பந்தல் முழுக்க ஏறின கொடி அப்படியே தொங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த மருந்தும் உதவாது. பக்கத்துத் தோட்டங்களில் எரு குறைந்து செத்த அவரையை நான் பார்த்ததில்லை, தண்ணீர் நின்று செத்தது நிறைய.

அதனால் 2 அடி அகலம், 2 அடி ஆழம், அதுவும் வைகாசியிலேயே, ஒரு கோடைமழை பெய்து மண் கொஞ்சம் இளகினதும். மம்மட்டி முக்கால் அடியோடு நின்றுவிடும், அப்புறம் கடப்பாரைதான். கூலிக்கு ஆள் விட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் மேல்மண்ணைத் தனியாகவும் சுக்கான் மண்ணைத் தனியாகவும் கொட்டச் சொன்னால் "எல்லாம் மண்ணுதானுங்க" என்று ஒரே குவியலாகப் போட்டுவிடுவார்கள். அந்த வெள்ளை மண் மறுபடி குழிக்குள் போகக் கூடாது, நான் பாதை மேடாக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன். தோண்டின குழியில் சாயங்காலம் தண்ணீர் நிரப்பி வைத்து, காலையில் பாருங்கள். தண்ணீர் நின்றால் அடியில் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்தி உடைக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்றுவது நல்லது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. அப்புறம் ஆனி கடைசி வரை குழி சும்மா வெயிலில் கிடக்கட்டும்.

நிரப்பும்போது மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கின எரு ஒரு பங்கு. தரைமட்டத்தோடு நிறுத்தாமல் அரை அடி மேடாகக் குவித்து வைக்க வேண்டும், எப்படியும் அமுங்கும். அடியில் சருகு, தேங்காய் மட்டை எல்லாம் அடுக்கச் சொல்வார்கள். சருகு போட்ட குழிகள் அடைமழையில் ஒரேயடியாக இறங்கி, மேடு இருந்த இடம் பள்ளமாகிவிட்டது. மட்டையை மேலே மூடாக்காகப் போடுவதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

இனி காசு கொடுத்து வாங்கினவை.

ஆட்டு எருதான் முதலிடம். பட்டியிலிருந்து அள்ளி ஆறு மாதமாவது குவித்து வைத்திருந்த எருவாக இருக்க வேண்டும், பச்சைப் புழுக்கை சூடு கிளப்பும். மாட்டு எருவைவிட விலை கூடத்தான், ஆனால் கொஞ்சம் போட்டாலே போதும். மண்புழு உரம் நல்ல பொருள், குழிக்குக் கொட்டுகிற அளவு வாங்கினால் கட்டுப்படியாகாது. விதை போடுகிற இடத்தில் இரண்டு கை போட்டு நிறுத்திக்கொள்கிறேன். வேப்பம் புண்ணாக்கு குழிக்குக் கால் கிலோ, வேரைக் கெடுக்கும் வேர்முடிச்சுப் புழு இருக்கிற மண்ணுக்கு மதிப்புள்ள செலவு. முன்பு தக்காளி, கத்தரி இருந்த இடம் என்றால் விடவே கூடாது.

நார்க்கழிவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 5 கிலோ கட்டி ஊறினால் எவ்வளவு பெரிதாகிறது என்று பார்த்து மயங்கிவிடுகிறோம். மக்காத நார்க்கழிவு மண்ணில் இருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தான் மக்குவதற்கு இழுத்துக்கொள்ளும், கழுவாததில் உப்பும் இருக்கும். எங்கள் போர்த் தண்ணீரே உப்பு, அதோடு இதுவும் சேர்ந்தால் இலை ஓரம் கருகுவதற்குக் கேட்கவா வேண்டும். மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கு எடை குறைய வேண்டும் என்பதால் அது தேவை, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் போடட்டும். தரையில் குழி வெட்டுகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் நான் காணவில்லை. 'தோட்டத்துச் செம்மண்' என்று சொல்லி ஒருவர் இறக்கிவிட்டுப்போன டிராக்டர் லோடில் பாதி செங்கல் தூளும் சிமெண்டுக் கட்டியும் இருந்தது, அதிலிருந்து வெளிமண் வாங்குவதையும் விட்டுவிட்டேன்.

சாம்பல், சுண்ணாம்பு இரண்டும் எங்கள் மண்ணுக்கு ஆகாது. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் கொடி பீன்ஸ் போடுகிறவர்கள் சுண்ணாம்போ டோலமைட்டோ போடச் சொல்வார்கள், அங்கே மண் புளிப்பு, அவர்களுக்கு அது சரி. இங்கே மண் பரிசோதனை அட்டையில் பிஎச் 8.3, அதாவது காரம். ஏற்கெனவே சுண்ணாம்பில் உட்கார்ந்திருக்கிற மண்ணுக்கு மேலும் சுண்ணாம்பு போடச் சொல்வது அநியாயம். வீடியோ பார்த்துக் கலவை போடுகிறவர்கள் அந்தத் தோட்டம் எந்த ஊர் என்று முதலில் பாருங்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு. 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும், எருக்குழி ஓரத்து மண்ணை மட்டும் எடுக்காதீர்கள். பிஎச்சைக் குறைக்கக் கந்தகம் போடலாமா என்றால், இவ்வளவு சுண்ணாம்புள்ள மண் அதைத் தின்று தீர்த்துவிடும். நல்லவேளையாக அவரை இந்த மண்ணை ஓரளவு தாங்குகிற பயிர். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுச் சாயங்காலம் இலையில் தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வருகிறது.

ரைசோபியம் (அவரை வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) பொட்டலம் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். ஆறின கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி நடுவது எளிதுதான். ஆனால் தட்டைப்பயறோ நிலக்கடலையோ முன்பு விளைந்த நிலத்தில் அதே இனப் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும், எங்கள் தரைக்குழிகளில் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நார்க்கழிவுப் பைகளில் நன்றாகவே தெரிந்தது. சந்தேகமாக இருந்தால் விதைத்து ஒன்றரை மாதம் கழித்து ஓரச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுப்பாக இருந்தால் இல்லை. வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள், கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தால் அந்தப் பொட்டலமே வேண்டாம்.

இதெல்லாம் இருக்க யூரியாவை அவரைக் குழியில் போடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர்முடிச்சு வைப்பது குறைந்துவிடும், கொடி கொழுகொழுவென்று பந்தலை மூடும், பூ தள்ளிப் போகும், அந்த இளந்தண்டைத் தேடி அசுவினிப் பூச்சி வரும், அசுவினியைத் தேடி எறும்பு வரும். எருவைக்கூட ஒரு பங்கோடு நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

குழி ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் கடப்பாரை எடுக்க வேண்டியதில்லை. மாசியில் காய் ஓய்ந்ததும் கொடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுகிறேன், வேர் உள்ளேயே மக்கட்டும். அறுத்த கொடியை நறுக்கி மேட்டின் மேல் பரப்பிவிட்டு, அதே பந்தலுக்குப் பங்குனியில் பீர்க்கன் விதை போடுகிறேன். அதற்கு எரு பாதி போதும். அடுத்த அவரையை மட்டும் அதே குழியில் வைக்காமல் பக்கத்துக் குழிக்கு மாற்றிக்கொள்கிறேன்.