புரோபயாட்டிக்கா, பிரீபயாட்டிக்கா: எதைத் தொடர்வது எளிது?

குடல்நலத்துக்கு இரண்டில் ஒன்றைத் தொடர்வது என்றானபோது நான் பிரீபயாட்டிக்கைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலிலும் அந்தச் சாய்வு இருக்கும். புரோபயாட்டிக் உயிருள்ள நுண்ணுயிர், பிரீபயாட்டிக் குடலில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ப்பொருள் என்பது பலரும் அறிந்ததே.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. புரோபயாட்டிக்கை முதலில் குப்பிக்குள் உயிரோடு காக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் பட்டால் அதன் எண்ணிக்கை சரியும். அட்டையின் முகப்பில் ஆயிரம் கோடி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தயாரித்த நாளின் கணக்கா, காலாவதி நாள்வரை நிற்கும் கணக்கா என்பதைப் பின்புறத்துப் பொடி எழுத்தில் தேட வேண்டும், சிலவற்றில் அங்கும் கிடைக்காது. குடலுக்குள் போன பிறகும் அவை பெரும்பாலும் நிலையாகக் குடியேறுவதில்லை. நிறுத்திய சில நாள்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடுகின்றன.

பிரீபயாட்டிக்கில் காப்பாற்ற வேண்டிய உயிர் எதுவுமில்லை. சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் தூளை ஈரம் படாமல் மூடி வைத்தாலே போதும். நீரில் கலக்கினால் இலேசான இனிப்போடு கரைந்துவிடும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் இதை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களுள் ஒன்றான பியூட்டிரேட், குடற்சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். இதையும் நிறுத்தினால் பலன் தேயும் என்றாலும், தூள் தீர்ந்த பின் வெங்காயம், பூண்டு, ஓட்ஸ், வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு எனச் சாப்பாட்டின் வழியாகவே தொடர முடியும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வாயுத் தொல்லை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. நாளுக்கு 2 அல்லது 3 கிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் பெரும்பாலோர்க்குத் தாங்கும். ஐபிஎஸ் எனும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இனுலின் உப்புசத்தை மோசமாக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு என் பரிந்துரை பொருந்தாது.

ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் புரோபயாட்டிக்கின் கை ஓங்கியிருக்கிறது. அதிலும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஓர் ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. ஆனால் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் பல இனங்கள் கலந்த புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிர்த் தொகுதி, எதுவும் எடுக்காதவர்களுடையதைவிடத் தாமதமாகவே மீண்டது. நோயெதிர்ப்பு மிகக் குன்றியவர்களும் குறைமாதக் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் புரோபயாட்டிக்கை எடுக்கலாகாது.

இரண்டும் கலந்த சின்பயாட்டிக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆயினும் வாங்குமுன் நாரின் அளவைப் பார்ப்பது நல்லது: இனுலினுக்குப் பலன் தெரியக் கிராம் கணக்கில் வேண்டும், ஒரு கேப்ஸ்யூலுக்குள்ளோ ஒரு கிராமுக்குமேல் அடங்குவது அரிது.