கழுத்தில் குழாய் வைத்த பிள்ளையோடு ஊருக்குப் போனபோது

என் மகளுக்கு மூன்று வயது. குறைமாதத்தில் பிறந்து, வாய் வழியாகப் போட்ட குழாயோடு பல வாரங்கள் வெண்டிலேட்டரில் இருந்தவள். அந்தக் குழாய் உரசிய இடம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தழும்பாகிச் சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி டியூப் வைத்திருக்கிறார்கள். மூச்சு முழுக்க அதன் வழியாகத்தான். இப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். நாங்கள் போனோம். போன இடத்தில் ஐசியூவில் சேர்க்கவும் வேண்டி வந்தது. அங்கே எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று எழுதுகிறேன்.

விமானப் பயணம் பற்றிச் சுருக்கமாக. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம் வரை குறையலாம். தரையில் 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பது போன்ற நிலை அது. அதனால் புறப்படும் முன்பே, அந்த அளவு ஆக்ஸிஜன் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். பெரிதாக இறங்கவில்லை. கேபின் காற்று ரொம்ப வறண்டது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. மூக்கு வழியாகப் போகும் காற்று வழியிலேயே சூடாகி ஈரமாகிவிடும். கழுத்து வழியாகப் போகும் காற்றுக்கு அந்த வசதி கிடையாது. டியூப் முனையில் மாட்டும் 'செயற்கை மூக்கு' ஃபில்டரைப் பயணம் முழுவதும் கழற்றவே இல்லை.

ஊரில் சாமான் தேடிய கதை வேறு. சளி உறிஞ்சும் மெஷின் வாடகைக்கு உடனே கிடைத்தது. பேட்டரி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் போனால் மிதித்து இயக்கும் கால் பம்ப் ஒன்றையும் தந்தார்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் நன்றாகவே இழுக்கும். சிக்கல் டியூபில்தான் வந்தது. 'ட்ரக்கியாஸ்டமி டியூப் இருக்கு மேடம்' என்று கடைக்காரர் எடுத்து வைத்ததெல்லாம் பெரியவர்கள் அளவு. 'குழந்தைக்கு' என்று அழுத்திச் சொன்னதும் ஒரு சின்ன பாக்கெட் வந்தது. எண் சரியாக இருந்தது, நீளம் சரியில்லை. பச்சிளம் குழந்தைக்கான டியூப், பெரிய குழந்தைக்கான டியூப் இரண்டுக்கும் உள்விட்டம் ஒன்றாக இருக்கலாம், நீளம் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். குட்டையானது எளிதில் வெளியே வந்துவிடும். நீளமானது உள்ளே போய் இடிக்கும். பாக்கெட்டின் மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நீளத்தையும் படியுங்கள். கையில் எப்போதும் இரண்டு மாற்று டியூப் இருக்க வேண்டும்: அவள் போட்டிருக்கும் 4.0 (உள்விட்டம், மில்லிமீட்டரில்) ஒன்று, அரை அளவு சிறிய 3.5 ஒன்று. இரண்டையும் நாங்கள் பெட்டியில் எடுத்து வந்திருந்ததால் தப்பித்தோம்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் சளி கெட்டியானது. உறிஞ்சினாலும் கொஞ்சம்தான் வந்தது. ஒரு மாலை நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓடினோம். எமர்ஜென்சியில் நல்ல வேகம், அதில் குறை சொல்ல மாட்டேன். கட்டிலில் போட்ட கையோடு மானிட்டர் மாட்டினார்கள். ஆக்ஸிஜன் எண் 80-களில் இறங்கிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் இளைஞர். பழக்கத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தில் வைத்தார்.

'டாக்டர், மேல வழி இல்ல. கழுத்துல வைங்க,' என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும்.

அவர் கோபப்படவில்லை, உடனே மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார். பொதுவாகச் சொல்லிக் கொடுப்பது முகத்திலும் கழுத்திலும் இரண்டு இடத்திலும் ஆக்ஸிஜன் வை என்பது. மேலே வழி இருக்கிற பிள்ளைக்கு அது சரி. என் மகளுக்கு மேலே தழும்பு அடைத்திருப்பதால் முகத்தில் வைப்பதால் பெரிய பயன் இல்லை. இதைத் தெரிந்தவர் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ் வந்து 8-ஆம் எண் உறிஞ்சு குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். டியூபின் உள்விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வரும் எண்தான் உறிஞ்சு குழாயின் அளவு. 4.0-க்கு 8. அதைவிடத் தடிமனாகப் போட்டால் சளியோடு நுரையீரலில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துவிடும். குழாய் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அவர் திரும்ப முயற்சி செய்யவில்லை. 'அடைச்சிருச்சு, மாத்திடலாம். புது டியூப் இருக்காம்மா?' என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார், கழுத்து நிமிர்ந்தது. டியூபைக் கழுத்தோடு கட்டியிருந்த நாடாவை வெட்டி, பழையதை உருவி, வழிகாட்டிக் கம்பியோடு புதியதை வளைத்து உள்ளே விட்டு, கம்பியை உடனே இழுத்தார். அந்தக் கம்பி உள்ளே இருக்கும் வரை மூச்சு போகாது, அதனால் அந்த ஒரு கணம் கூடத் தாமதிக்கக் கூடாது. டியூபை விரல்களால் பிடித்தபடியே, கையால் அழுத்திக் காற்று செலுத்தும் அம்பு பேக்கை மாட்டி நாலு முறை அழுத்தினார். நெஞ்சு ஏறி இறங்கியது. எண் ஏறியது.

குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் டியூப்களில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பெரும்பாலும் வெளிமுனை 15 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே போனாலும் எந்த அம்பு பேக்கும் அதில் பொருந்தும். வெளிநாட்டு டியூபில் ஊர் பேக் மாட்டுமா என்று என் கணவர் புறப்படும் முன்பிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவலை தேவையே இல்லை.

எடுத்த டியூபை நர்ஸ் வெளிச்சத்தில் காட்டினார். சளி காய்ந்த கோந்து மாதிரி சுவரெல்லாம் ஒட்டி, நடுவில் ஊசி நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பயம் ஏன் என்று புரியும். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கு வரும் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகிறது. பெரியவர்களின் மூச்சுக்குழலில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் என்றால் தொண்டை கரகரக்கும். 4 மில்லிமீட்டர் குழலில் சுற்றிலும் அதே ஒரு மில்லிமீட்டர் வந்தால் பாதையின் பரப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் காலையில் ஓடி விளையாடிய பிள்ளை மாலையில் ஐசியூவில் இருக்கும்.

குழந்தைகள் ஐசியூ பற்றி எனக்குப் பாராட்டுத்தான். சில நாள் வெண்டிலேட்டர் தேவைப்பட்டது. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் கருவியை முதல் நிமிடமே இணைத்தார்கள். சளி இளகியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உறிஞ்சும்போது டியூப் நுனி வரைக்கும்தான், பத்து விநாடிக்குள், தேவைப்படும்போது மட்டும். ஆழமாக விட்டுக் குத்தவில்லை. ஒவ்வொரு முறையும் சலைன் ஊற்றும் பழைய வழக்கமும் அங்கே இல்லை.

பக்கத்துப் படுக்கையில் இரண்டு வயதுப் பையன், வாய்வழிக் குழாயோடு. அவன் தலைமாட்டில் பிளாஸ்டரில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: '4.0 கஃப், உதட்டில் 13'. கஃப் என்பது குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சின்ன பலூன். வயதை நாலால் வகுத்து 3.5 கூட்டினால் கஃப் உள்ள குழாயின் அளவு. வயதைப் பாதியாக்கி 12 கூட்டினால் உதட்டில் நிற்க வேண்டிய சென்டிமீட்டர். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் நர்ஸ் குனிந்து அந்த 13 அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். தாடை நெஞ்சுப் பக்கம் சாய்ந்தால் குழாய் உள்ளே இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் வெளியே ஏறும். பச்சிளம் குழந்தைக்கு மூச்சுக்குழலின் மொத்த நீளமே 4, 5 சென்டிமீட்டர்தான். திருப்பிப் படுக்க வைக்கும் சாக்கிலேயே குழாய் நகர்ந்துவிடலாம். அதனால் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உடம்பைத் திருப்பினார்.

ஓர் இரவு அந்தப் பையனின் மானிட்டர் அலறியது. வெளிவிடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் அலைக்கோடு தட்டையாகிவிட்டது. ஆக்ஸிஜன் எண் இன்னும் நன்றாகவே இருந்தது. அலைக்கோடுதான் முதலில் சொல்லும், ஆக்ஸிஜன் எண் பிந்தித்தான் இறங்கும். டாக்டர் முதலில் மெஷினைக் கழற்றிக் கையால் பேக் அழுத்தினார். அப்படிச் செய்தால் கோளாறு மெஷினிலா பிள்ளையிடமா என்பது உடனே தெரிந்துவிடும். குழாய் நகர்ந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, கருவி பழுதா என்று நாலையும் வாய்விட்டுச் சொல்லியபடியே வரிசையாகப் பார்த்தார். இணைப்பு ஒன்று கழன்றிருந்தது, அவ்வளவுதான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் இல்லாமல் கையால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவர் கேட்டார். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருத்துவர் நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, மருத்துவ மாணவர்களை முறை போட்டுக் கையால் பேக் அழுத்த வைத்தார். சுமார் 1,500 மாணவர்கள், மாதக்கணக்கில். இன்றைய ஐசியூக்களே அங்கிருந்து வந்தவைதான். இதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதே ஐசியூவில் மூன்றாவதாக, குரல்வளை வீங்கி இழுப்புச் சத்தத்தோடு வந்த ஒரு சின்னப் பிள்ளை. வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்து ஒரு டோஸ், மூச்சோடு உள்ளே இழுக்கும் புகையாக அட்ரினலின் நெபுலைசர். குழாய் போடாமலேயே தேறியது. அம்மா மடியிலிருந்து பிள்ளையை இறக்கவே இல்லை, ஊசி குத்தி அழ வைக்கவும் இல்லை. அழுதால் சுருங்கிய பாதை இன்னும் சுருங்கும் என்று தெரிந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். அட்ரினலின் வேகம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால், சத்தம் குறைந்ததும் வார்டுக்கு அனுப்பிவிடாமல் வைத்துப் பார்த்தார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். ஐசியூவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றியதும் எல்லாம் தளர்ந்தது. எங்களுக்குக் கொடுத்தது வராந்தாக் கடைசிப் படுக்கை. ட்ரக்கியாஸ்டமி பிள்ளை அழுதால் பெரும்பாலும் சத்தம் வராது. காற்று குரல்நாண் வரை போகாமல் கழுத்தோடு வெளியே வந்துவிடுகிறதே. வாய் திறந்திருக்கும், கண்ணீர் வழியும், பத்தடி தள்ளி இருக்கிறவருக்குக் கூடத் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளையை நர்ஸ் மேஜைக்கு எதிரில், மானிட்டரோடுதான் படுக்க வைக்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்ட பிறகுதான் இடம் மாற்றினார்கள். படுக்கை அருகே மாற்று டியூப், கத்தரிக்கோல், நாடா, அம்பு பேக் எதுவும் வைக்கவில்லை. 'எல்லாம் ஸ்டோர்ல இருக்கும்மா' என்றார்கள். டியூப் அடைத்தால் ஸ்டோர் சாவி தேட நேரம் இருக்காது. எங்கள் பையைத் திறந்து கட்டில் கம்பியிலேயே மாட்டினேன். ஒரு தாளில் டியூப் அளவு, வைத்த தேதி, 'மேல்வழி அடைப்பு, வாய்வழிக் குழாய் போட முடியாது, ஆக்ஸிஜன் கழுத்தில்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். இரவு டியூட்டிக்கு வந்த நர்ஸ் அதைத் தன் மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். பகல் டியூட்டியில் ஒருவர் சுவரில் ஒட்டக்கூடாது என்று கிழித்துவிட்டார். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

வேறொன்று, உறவினர் கூட்டம். விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தூக்கக் கேட்டார்கள். தவறில்லை, பாசம்தான். ஆனால் தூக்கும்போது நாடா இழுபடும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இறுக்கம்தான் இருக்க வேண்டும். தளர்ந்தால் டியூப் வெளியே வந்துவிடும். என் மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் மறித்தார். 'பாக்கத்தான் விடுவேன், தொட விடமாட்டேன்.' அந்த ஆஸ்பத்திரியில் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அது என்று என் கணவர் சொன்னார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் காய்ச்சல், கிருமி, மருந்து எல்லாம் விவரமாக இருந்தது, டியூப் அளவு மட்டும் இல்லை. கேட்டதும் டாக்டர் கையால் எழுதிச் சீல் வைத்தார். விமான நிறுவனத்துக்கான உடல்தகுதிக் கடிதமும் அவரே தந்தார்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டுக் கேட்டு வைக்கிறேன். குழந்தைகள் ஐசியூ இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் அதைக் கேட்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் ட்ரக்கியாஸ்டமி டியூப் அடைத்தால் யார் மாற்றுவார்கள் என்று கேட்கிறேன். ஓரிடத்தில், 'அனஸ்தீஸியா டாக்டர் இங்கேயே தங்கியிருப்பார், சிஸ்டர்களுக்கும் ட்ரெயினிங் இருக்கு' என்றார்கள். இன்னோரிடத்தில், 'காலையில இ.என்.டி. டாக்டர் வந்துடுவார் மேடம்' என்றார்கள். முதல் நம்பரைச் சேமித்துக்கொண்டேன்.