புதையல் வேட்டை ஆப்: கால் வலிக்க ஊர் பார்த்த கதை

வழிகாட்டி கிடையாது, கொடி பிடித்து முன்னால் நடக்கும் ஆளும் கிடையாது. ஊரை நடந்தே சுற்றிப் பார்க்க வைக்கும் இந்த ஆப், போனில் ஒரு புதிர் போடும். அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். நானும் அக்காவும் அவள் பிள்ளைகளுமாக ஒரு வேட்டையை வாங்கி ஆடினோம்.

கேள்விகள் அருமை. "குதிரையின் எந்தக் கால் தரையில் படவில்லை?" என்றதும், சாதாரணமாக ஒரு செல்ஃபியோடு கடந்துவிடும் சிலையை மூன்று சுற்று சுற்றினோம். அடிக்கல் ஒன்றில் ஆண்டு ரோமன் எண்களில் இருந்தது. சின்னவள் மண்டி போட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டி, "சித்தி, 1887!" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்தில் இதே கணக்குக்கு அழுதவள்!

எரிச்சல் ஜிபிஎஸ்ஸால்தான். திறந்தவெளியில் போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் குழம்பிவிடுகிறது. வாசலிலேயே நிற்கிறோம், "இன்னும் வந்து சேரவில்லை" என்று அடம் பிடிக்கிறது. (2000 மே வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்ததாம். அப்போது இந்த மாதிரி வேட்டையே ஆடியிருக்க முடியாது.)

அதைவிட மோசம், எப்போதோ கழற்றிவிட்ட ஒரு பலகையைப் பற்றிய கேள்வி. தாண்டிப் போக வழியில்லை. குறிப்பு கேட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். இது அநியாயம்.

வாங்குமுன் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர முடியுமா என்று பாருங்கள். பவர் பேங்க் கட்டாயம். ஒரு போனுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவர்களுக்குக் கேள்வியே தெரியாது.