தோட்டத்து விளக்குக்கு எது சரி: சோலாரா, 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

தோட்டத்துக்கு விளக்கு வாங்கப் போனால் கண் நேராக மாடலுக்குத்தான் போகும். அதற்குக் கரண்ட் எப்படி வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள், மாடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால் தினமும் தண்ணீர் பாய்கிற, குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற மண்ணுக்கு நடுவே வயர் இழுக்கப் போகிறோம்.

மண்ணில் குத்தி வைக்கும் சோலார் விளக்குக்கு வயரும் வேண்டாம், எலக்ட்ரீஷியனும் வேண்டாம். வாடகை வீட்டுக்கு இதுவே போதும். ஆனால் உச்சியில் இருக்கும் பேனல் உள்ளங்கை அளவுகூட இருக்காது. மாமர நிழலில் வைத்தால் சார்ஜ் ஏறாது. நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. சீக்கிரம் இருட்டுவதும் அதே மாதங்களில்தான். விளக்கு அதிகம் தேவைப்படும்போது பாதி ராத்திரிகூடத் தாங்காது. வாங்குவதானால் ஸ்க்ரூ கழற்றி பேட்டரி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

'கரண்ட் பில் மிச்சம்' என்பதற்காகச் சோலார் பக்கம் போக வேண்டாம். 5 வாட் எல்இடி 12 விளக்குகள் தினம் 5 மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். இரண்டு மாத பில்லில் 18 யூனிட்தான் கூடும்.

230 வோல்ட் லைனில் வெளிச்சத்துக்கும் தூரத்துக்கும் குறைவில்லை. கேட் தூண், காம்பவுண்டு சுவர், போர்டிகோ ஆகியவற்றுக்கு இதுதான் சரி. செடிகளுக்கு நடுவே மண்ணுக்குள் கொண்டுபோவதுதான் எனக்குப் பயம். பல வீடுகளில் டேப் சுற்றிய ஜாயின்ட்டை அப்படியே மண்ணில் புதைத்து விடுகிறார்கள். வாழைக்கன்று நட யாராவது கடப்பாரை போட்டால் என்ன ஆகும்? போட்டே ஆகவேண்டும் என்றால் ஆழமாகப் பைப் பதித்து, எர்த் கொடுத்து, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழ வேண்டும்.

செடி, பாதை, புல்தரை எல்லாவற்றுக்கும் என் ஓட்டு குறைந்த வோல்டேஜுக்குத்தான். மழை படாத சுவரில் ஒரு டிரைவர், அதாவது 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பெட்டி. அங்கிருந்து மண்ணுக்குள் போவது 12 அல்லது 24 வோல்ட் மட்டும். மண்வெட்டி பட்டு வயர் அறுந்தால் விளக்கு அணையும், உயிருக்கு ஆபத்து வராது. டிரைவர் 'ஐசொலேட்டட்' வகையாக, அதாவது உள்ளே வரும் 230 வோல்ட்டோடு வெளியே போகும் லைனுக்கு நேரடித் தொடர்பு இல்லாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பாதுகாப்பே கிடையாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 60 வாட் லோடுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 20 மீட்டர் தள்ளி அந்த லோடு முழுவதும் இருந்தால், வழியிலேயே சுமார் 2.4 வோல்ட் போய்விடும். கடைசி விளக்குகள் மங்கலாக எரியும். அதே வயரில் 24 வோல்ட் கொடுத்தால் இழப்பு 1.2 வோல்ட்தான், அதாவது 5 சதவீதம். அதனால் சின்ன முற்றம் தவிர மற்றதற்கெல்லாம் 24 வோல்ட் செட்டையே கேளுங்கள். கடையில் 12-தான் இருக்கிறது என்றால் டிரைவரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் லைன் பிரித்துக்கொள்ளலாம்.

எந்த வகை எடுத்தாலும் நிறம் 3000 கெல்வின் வார்ம் ஒயிட். நீலம் கலந்த வெள்ளையான 6500-இல் இலைகள் வெளிறித் தெரியும், பூச்சியும் அதிகம் வரும். தூசி, தண்ணீர் புகாமல் தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி எண்ணையும் பாருங்கள்: மண்ணை ஒட்டி நிற்கும் விளக்குக்கு ஐபி67, சுவருக்கு ஐபி65 போதும்.

அரை கிரவுண்டு வீட்டில் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் கேட்டுக்கு 230, செடிகளுக்கு 24, வயர் போகாத பின்பக்க மூலைக்கு மட்டும் ஒரு சோலார் என்று பிரித்துவிடுவேன். இன்னும் பேவர் பிளாக் பதிக்கவில்லையா? விளக்கு வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் வயர் இழுக்கப் பாதைக்குக் குறுக்கே ஒரு காலிப் பைப்பை இப்போதே புதைத்து, இரண்டு முனையையும் மூடி போட்டு அடைத்து வையுங்கள்.